வெள்ளம் வடிந்த பிறகு காப்பீட்டுக் கார்டு எவ்வளவு தூரம் வரும்? கடலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு, அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, ஐ.சி.யூ. என்று வந்தால் ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். அதே கார்டோடு, வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாகப் போனால் ஐந்துக்கு ரெண்டு. படகை எடுத்துக்கொண்டு போய் மாடி மேல் நின்றவர்களை இறக்கிக் கொண்டுவந்த ஆள் போனால் மார்க் போடவே வழியில்லை. "மீட்புப் பணியில் இருந்தவர்" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கிடையாது.

2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்தையும் விசூரையும் அடித்துப்போன காட்டாற்று வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் இறங்கியது. இருபது வருஷத்தில் பெரிதாக நினைவில் நிற்பவை மட்டும் இவை. இத்தனைக்கும் பிறகு இந்த மாவட்டத்துக்காரர் கையில் மருத்துவச் செலவுக்கு என்னதான் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால், பேரிடருக்கென்று செய்த திட்டம் ஒன்றுகூட இல்லை. வேறு காரியத்துக்காகச் செய்தவற்றை ஒட்டுப்போட்டுத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஒட்டு எங்கே கிழிகிறது என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

கார்டு

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கார்டு கிடைக்கும். வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. 2018 செப்டம்பரிலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்து நடக்கிறது. வாங்கும் வழி எளிதுதான். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லோருடைய ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அங்கே போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

சிக்கல் இந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால் செய்தால் ஒரு நாள் வேலை. வெள்ளத்துக்குப் பிறகு என்றால் வி.ஏ.ஓ. பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் இருப்பார், ரேஷன் கார்டு நனைந்து கூழாகியிருக்கும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிவாரண மனுக் கூட்டம் நிற்கும். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு இத்தனை இடத்துக்கும் அலைய ஒரு ஆள் தனியாக வேண்டும்.

கார்டு தொலைந்துபோனால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் அட்டை இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்தால் திட்டத்தின் இணையதளத்திலேயே இ-கார்டை எடுத்துவிடலாம். அந்தப் படத்தைக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி இருப்பது இன்னும் நல்லது; இங்கே எல்லார் போனும் தண்ணீரில் போனாலும் அது பிழைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, கார்டு எடுத்த பிறகு வீட்டுக்கு வந்த மருமகள், பிறந்த குழந்தை. இவர்கள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருந்தும் காப்பீட்டில் ஏறாமல் இருக்கும். இரண்டு, கைரேகை. வலை இழுக்கும் கை, குப்பை அள்ளும் கை, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய கை எதுவும் மெஷினில் ஒழுங்காக விழாது. விழவில்லை என்றால் அங்கேயே நின்று மாற்று வழியில் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "நாளைக்கு வாங்க" என்றால் போய்விடாதீர்கள். மூன்றாவது, எல்லை. தென்பெண்ணை உடைத்தால் கடலூர்ப் பக்கம் உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு மூழ்கும். அதே தண்ணீர் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கமும் ஏறும். ஆறு ஒன்றாக இருந்தாலும் கார்டு வேறு. புதுச்சேரிக்காரருக்குத் தனிக் கணக்கு. தமிழ்நாட்டுக் கார்டோடு எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போவதென்றால், "எங்கள் கார்டுக்கு நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்களா, இந்தச் சிகிச்சைக்கு இருக்கிறீர்களா" என்ற இரண்டு கேள்வியையும் கவுன்டரில் கேட்டுவிட்டுப் படுக்கையில் ஏறுவது நல்லது. முதல் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் ஆஸ்பத்திரி இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லக்கூடும். பட்டியல் என்பது மருத்துவமனைக்கு மட்டுமல்ல, துறைவாரியாகவும் உண்டு.

படுக்கையில் ஏறியபின் வேலை சுலபம். காப்பீட்டுக் கவுன்டரில் முன் அனுமதிக்கு அனுப்புவார்கள், அனுமதி வந்ததும் கையிலிருந்து பணம் போகக் கூடாது. ஸ்கேனுக்கு வெளியே அனுப்பினாலோ மருந்து வாங்கிவரச் சொன்னாலோ சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். தானே புயலில் மரம் விழுந்து தொடை எலும்பு முறிந்தவர் மாதிரியான ஆட்களுக்கு இந்த ஏற்பாடு வரப்பிரசாதம். நாலு மார்க் அதற்குத்தான்.

வெள்ளத்து நோய் படுக்கை தேடி வருவதில்லை

ஒரு மார்க் குறைந்ததோடு விஷயம் முடியவில்லை. காப்பீடு என்பது "பேக்கேஜ்" கணக்கு. இன்ன அறுவைக்கு இவ்வளவு, இன்ன நோய்க்கு உள்நோயாளியாக இத்தனை நாள் என்று போகும். ஓ.பி. சீட்டு அதற்குள் வராது. வெள்ளத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஓ.பி. சீட்டு நோய்கள்.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புண்ணான காலோடு நின்றால் தொற்றும். நின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம்வரைகூடத் தள்ளிக் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் சதை தொட்டால் வலிக்கும், கண் சிவக்கும், மஞ்சள் தட்டும். விட்டால் சிறுநீரகத்தில் கை வைக்கும். தொடக்கத்தில் பிடித்தால் சில ரூபாய் மாத்திரையில் முடிகிற நோய் இது. காப்பீடு எட்டிப் பார்ப்பது நோய் முற்றி ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேரும் கட்டத்தில்தான். சில ரூபாய்க்கு வழியில்லை, சில லட்சத்துக்கு வழி இருக்கிறது.

சேற்றில் நடமாட வேண்டியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் கொடுப்பது தெரிந்த முறை. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். சேறு பட்ட வெட்டுக்காயத்துக்கு, கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். இந்த இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டியவை. வேலைக்கு இறங்கும் முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் போட்டுவிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. ஊசி போட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது தருகிறார்களா என்பது அடுத்தது.

பழைய நோய்க்காரர்கள் பாடு தனி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வெள்ளத்தில் போய்விட்டால் மக்களைத் தேடி மருத்துவத்தில் மறுபடி வாங்கலாம். திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லத் தெரிய வேண்டும். "வெள்ளையா, சின்னதா இருக்கும் தம்பி" என்றால் கொடுக்கிறவர் என்ன செய்வார்? மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

மனசு சம்பந்தப்பட்டதற்கு இந்தத் திட்டங்களில் ஆகக் குறைவான மார்க். மழை பெய்தாலே தூங்காத பெண்கள், கடல் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும் பெரியவர்கள் இந்தக் கரையில் உண்டு. 14416 டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் உண்டு. ஆனால் நிவாரண முகாமில் காய்ச்சல், பேதி என்று கேட்டுப் பதிகிற மாதிரி "தூக்கம் வருதாம்மா" என்று கேட்டுப் பதிகிற வழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விதிப்படி, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் செலவுதான் பேக்கேஜுக்குள் அடங்கும். பதினாறாம் நாள் வலி அவரவர் பாடு.

16,000 ரூபாய்: பலருக்குத் தெரியாத தலைப்பு

இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, குடிசைக்கு இவ்வளவு என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஃபெஞ்சலுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது உயிரிழப்புக்கு 5 லட்சம், சேதமான குடிசைக்கு 10,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடும்ப அட்டைக்கு 2,000. புதுச்சேரியில் அட்டைக்கு 5,000. அடிபட்டுப் பிழைத்தவருக்கும் பேரிடர் நிவாரண நிதி விதியில் ஒரு வரி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

2022 முதல் 2026 மார்ச் வரைக்கான பட்டியலில் இருந்தது இது: பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000 ரூபாய், அதற்குக் குறைவான நாள் என்றால் 5,400. கை, கால், கண் போய் ஊனம் 40 முதல் 60 சதவீதம் என்றால் 74,000. 60க்கு மேல் என்றால் இரண்டரை லட்சம். இறந்தவருக்கான நிவாரணத்தில், மீட்பு, நிவாரண வேலையில் இருந்தபோது உயிர்விட்டவரும் அடக்கம் என்று விதியே சொல்கிறது. மனு கொடுக்கும் நாளில் நடப்பில் இருக்கும் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தொகை மாறியிருக்கலாம்.

கறவை மாட்டுக்கும் மனிதக் காலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? மாடு செத்தால் 37,500. பத்து நாள் வார்டில் கிடந்தவருக்கு அதில் பாதிகூட இல்லை. மாட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. மாட்டைப் பறிகொடுத்த வீட்டுக்கு அது சோறு.

இந்தப் பணம் ஏன் கைக்கு வருவதில்லை என்றால், காரணம் ஒரே ஒரு வரி. அடிபட்டு அவசரப் பிரிவுக்குப் போனதும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்; ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்பார்கள். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்பதற்கு, உடன் வந்தவர் சொல்வதைத்தான் அவர் எழுதுவார். "தகரம் கிழிச்சிடுச்சு டாக்டர்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பின்னால் தாசில்தார் மேசைக்கு அந்தத் தாள் போகும்போது, தகரம் எங்கே வேண்டுமானாலும் கிழிக்கலாமே என்ற கேள்வி வரும். வெள்ளம் என்ற சொல்லே அதில் இருக்காது.

ஆகவே சொல்ல வேண்டியது இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதி காலை இத்தனை மணிக்கு, இன்ன கிராமத்தில், ஆற்று வெள்ளத்தில் ஆட்களை மீட்கும்போது, தண்ணீருக்குள் இருந்த தகரம் வெட்டியது." தேதி, நேரம், ஊர், வெள்ளம், என்ன வேலையில் இருந்தார். ஐந்தும் வந்துவிட வேண்டும். ஏ.ஆர். எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடத்தில் நடக்கும் மருத்துவ முகாமில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஏ.ஆர். உருவாகாது. தையல் போடும் அளவுக்குக் காயம் என்றால் முகாமில் முதலுதவி முடிந்ததும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அன்றைக்கே போய்விடுங்கள், மஞ்சக்குப்பமோ பண்ருட்டியோ சிதம்பரமோ எது கிட்டவோ அங்கே. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காரணம் அதே சொல்லில் இருக்கிறதா என்று வாங்கும்போதே படியுங்கள். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். 16,000மா 5,400ஆ என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

பிறகு வி.ஏ.ஓ. அறிக்கை, ஆர்.ஐ., தாசில்தார் என்று மனு மேலே போகும். ஊனம் என்றால் அரசு மருத்துவர் அல்லது மருத்துவக் குழு தரும் சதவீதச் சான்று வேண்டும். 38 என்று போட்டால் ஒன்றும் இல்லை, 40 என்றால் 74,000. புண் முழுக்க ஆறி, எலும்பு கூடியபின் மதிப்பிடச் சொல்லிக் கேட்பது தவறில்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டவருக்கு இந்தக் காயத் தொகை கிடையாது என்று அதே விதியின் அடிக்குறிப்பு சொல்கிறது. நம் கார்டு அந்தத் திட்டத்தோடு இணைந்தது. அந்தக் குறிப்பைக் காட்டி மனு திரும்பி வரலாம். சிகிச்சைச் செலவும் கூலி இழப்பும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரி பில்லை அரசு கட்டினாலும் பத்து நாள் கடலுக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இந்த அடிக்குறிப்பை எடுக்கச் சொல்வதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதுவரை, அரசு மருத்துவமனையில் காப்பீட்டுக் கணக்கில் ஏற்றாமலே இலவசமாக முடிகிற சிகிச்சையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

மீட்கப் போனவர் கதி

வெள்ளத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களை ஒரே மாதிரி நினைத்துவிடக் கூடாது. சட்டை நிறத்தைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறும்.

தீயணைப்பு வீரர், போலீஸ், அரசு நர்ஸ், வி.ஏ.ஓ. போன்ற நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் தனிக் காப்பீடு உண்டு. 2021 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 5 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம். அது 2025 ஜூன் வரையான 4 வருஷத்துக்கும் சேர்த்து வைத்திருந்த தொகை. ஏழைக் குடும்பத்தின் கார்டுக்கு வருஷா வருஷம் 5 லட்சம் என்பதோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் ஏதோ இருக்கிறது.

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், மின்வாரியத்தின் ஒப்பந்த ஆட்கள் அடுத்த வகை. தானே புயல் முடிந்தபின் மின்கம்பம் நட வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து, ஒப்பந்ததாரர் ஒழுங்காகப் பதிந்திருந்தால் இவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25. இ.எஸ்.ஐ.யைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும்: வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, எழுந்து வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை தருகிறார்கள். தொற்று அபாயம் உள்ள வேலையில் வந்த தொற்று நோய் என்பது சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் முதல் வரி. சாக்கடையில் இறங்கிய ஒப்பந்தப் பணியாளருக்கு எலிக்காய்ச்சல் வந்தால் அதைக் "காய்ச்சல் லீவு" என்று முடித்துவிட விடக் கூடாது. தொழில்சார் நோய் என்று கேட்க இடம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது: வெளிமாவட்டத்துக்கு அனுப்பும்போது வாய்மொழியில் அனுப்பாமல், இன்ன தேதி முதல் கடலூரில் வெள்ளப் பணி என்று ஒரு உத்தரவுத் தாள் வாங்குங்கள். மேஸ்திரியின் வாட்ஸப் செய்தி இருந்தால் அதையும் அழிக்காதீர்கள். விபத்து அறிக்கையை ஒப்பந்ததாரர் அனுப்பாமல் இழுத்தடித்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

பேரிடர் மீட்புக்கு அரசு பயிற்சி கொடுத்த ஆப்த மித்ரா தன்னார்வலர்கள் மூன்றாம் வகை. 12 நாள் பயிற்சி, மீட்புப் பை, அடையாள அட்டை, காப்பீடு என்று திட்டம் போட்டு, நாடு முழுக்க 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேரைத் தயார் செய்வது நோக்கமாக இருந்தது. இந்த அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் காப்பீடு எந்தத் தேதிவரை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடித்த வருஷத்தோடு நின்றுபோன பாலிசி, வெள்ளம் வரும் வருஷத்துக்கு உதவாது.

கடைசியில் இருப்பவர்கள், ஆனால் தண்ணீரில் முதலில் இறங்குகிறவர்கள், மீனவர்கள். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று கரை நெடுக இருக்கும் பைபர் போட்டுகள்தான் ஊருக்குள் தண்ணீர் புகுந்தால் டிராக்டரில் ஏறித் தெருவுக்கு வருகின்றன. மீனவருக்கு மத்திய மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது: இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000. சங்கத்தில் பெயர் நடப்பில் இருந்தால்தான். பேங்க் வழியாக வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடும் பலருக்கு உண்டு. ஜூன் 1இல் புதுப்பிக்கும் நாளுக்கு முன் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போய் அற்றுப்போனதும் பலருக்குத் தெரியாது. இதில் எதுவுமே நோய்க்கு இல்லை, எல்லாம் விபத்துக்குத்தான். படகு சொந்தமாக வைத்திருப்பவர் வருமான வரம்பைத் தாண்டி முதலமைச்சர் காப்பீட்டுக்கும் வெளியே நிற்கலாம். ஊரைக் காப்பாற்றப் படகு வேண்டும், ஆனால் அந்தப் படகே கார்டுக்குத் தடை. நல்ல கணக்கு.

48 மணி நேரத்துக்கு முடியும் என்றால்

முடியாது என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்கு ஒரு முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும். கார்டு கேட்கக் கூடாது, வருமானம் கேட்கக் கூடாது, எந்த ஊர், எந்த நாடு என்றும் கேட்கக் கூடாது. முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். 81 சிகிச்சை முறைகள், அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும். நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிற வேகத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

திண்டிவனம் சாலையில் லாரி மோதினால் கேள்வியில்லாமல் சிகிச்சை. அதே சாலையை அறுத்துக்கொண்டு போன வெள்ளத்தில் அடித்துப் போனவருக்குக் கார்டு எங்கே என்ற கேள்வி. அரசாணையில் "சாலை விபத்து" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "அறிவிக்கப்பட்ட பேரிடர்" என்று சேர்ப்பதில் தொடங்கலாம். ஆஸ்பத்திரிப் பட்டியல், சிகிச்சைப் பட்டியல், பணம் போகும் வழி எல்லாம் தயாராக இருக்கிறது. புதிதாகக் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

பிந்தி வரும் நோய்க்கு மட்டும் இது போதாது. அதற்கு நியூயார்க்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11இல் இரட்டைக் கோபுரம் விழுந்த புழுதியைச் சுவாசித்தவர்கள் அன்றைக்கு நோயாளிகள் இல்லை. இருமல் பிறகு வந்தது, புற்றுநோய் அதற்கும் பிறகு வந்தது. இடிபாட்டில் வேலை செய்த போலீஸ்காரர் ஜேம்ஸ் சட்ரோகா 2006 ஜனவரியில் இறந்தார். இப்படி நோயுற்றவர்களுக்குச் சிகிச்சை தர அவர் பெயரில் செய்த சட்டம் 2011 ஜனவரி 2இல் கையெழுத்தானது. தீயணைப்பு வீரர்கள், கட்டடத் தொழிலாளர்கள், துப்புரவு செய்தவர்கள், உடம்பு முடியாதவர்கள் எல்லாம் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறை அறையாகப் போய் நின்று வாங்கிய சட்டம் அது. காலக்கெடு முடியப் போனபோது மறுபடி போனார்கள். 2015 டிசம்பரில் 2090 வரை நீட்டிப்பு வந்தது. அப்புறமும் பணம் பற்றாமல் 2022 டிசம்பரில் இன்னொரு 100 கோடி டாலர் வாங்க வேண்டியிருந்தது. சட்டத்தில் எழுதிய வளர்ச்சி விகிதம் மருத்துவச் செலவின் வேகத்தை எட்டவில்லை. நாம் ஏதாவது கேட்டு எழுதினால் அந்த ஓட்டையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட வேண்டும்.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தின் அளவு இல்லை, பதிவேடு. அந்தப் பகுதியில் யார் இருந்தார், எத்தனை நாள் இருந்தார், என்ன செய்தார் என்று 71,000 பேருக்கு மேல் 2003, 2004லேயே எழுதி வைத்தார்கள். நோய் வந்தபின் ஓடிப்போய் ஆதாரம் தேடவில்லை. மீட்பர்களுக்கு வருஷா வருஷம் பரிசோதனை. அங்கே வசித்தவர், படித்தவர், வேலை பார்த்தவர் ஆகியோருக்கும் தனி வாசல். புழுதியில் நின்றதற்கும் புற்றுநோய்க்கும் இடையே குறைந்தது எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி: பெரும்பாலான கட்டிகளுக்கு 4 ஆண்டு, நுரையீரல் உறைப் புற்றுக்கு 11. சில நேரம் அந்தக் கணக்கு நோயாளிக்கு எதிராகவும் திரும்பும். செலவில் 10 சதவீதம் நியூயார்க் நகரத்தின் பங்கு.

சிப்காட் தொழிற்பேட்டையை வைத்துக்கொண்டிருக்கும் கடலூருக்குப் பதிவேடு என்பது அமெரிக்கச் சமாசாரம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. ரசாயன ஆலைப் பக்கம் தேங்கிய வெள்ளத்தில் நின்றவருக்குப் பத்து வருஷம் கழித்துத் தோலிலோ நுரையீரலிலோ ஏதாவது வந்தால், அவர் அன்றைக்கு அங்கே நின்றார் என்று சொல்ல ஒரு வரியாவது எங்காவது இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து என்ற கேள்வி வரும். 15ஆவது நிதிக்குழுவின் கணக்கில் மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் தயார்நிலைக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். மீட்பரின் ஊசி, மாத்திரை, வருடப் பரிசோதனை, பதிவேடு இவை தயார்நிலை இல்லாமல் வேறென்ன? நிவாரண நிதியில் மத்திய அரசு 75, மாநிலம் 25. கேட்க வேண்டியது இரண்டு இடத்திலும்.

கேட்கும் முறைக்கு வருவோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் தனித்தனியாக நூறு மனு கொடுப்பதைவிட, கிராம சபைத் தீர்மானம் கனமானது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபை சரியாகப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. மூன்று தீர்மானம் போதும். ஒன்று, அறிவிக்கப்பட்ட பேரிடரில் காயம்பட்டவர், நோயுற்றவர் எல்லோருக்கும் 48 மணி நேரத் திட்டத்தை விரிக்க வேண்டும். இரண்டு, காயத் தொகையிலிருந்து ஆயுஷ்மான் பாரத் அடிக்குறிப்பை நீக்க வேண்டும். மூன்று, மீட்பு, நிவாரணப் பணியில் இறங்கியவர் பெயர்ப் பதிவேட்டைப் பஞ்சாயத்தும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து வைத்து, குறைந்தது 5 வருஷத்துக்கு இலவச வருடப் பரிசோதனை தர வேண்டும். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி, மாவட்ட ஆட்சியர், மக்கள் நல்வாழ்வுத் துறை, வருவாய் நிர்வாக ஆணையர் மூவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 60 நாள் கழித்து, என்ன நடவடிக்கை என்று 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும்.

அரசு பதிவேடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 200 பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், வயது, இறங்கிய தேதி, இடம், எத்தனை மணி நேரம், தண்ணீரா சேறா ரசாயனமா, செருப்பு இருந்ததா, காயம், ஊசி போட்ட தேதி, பிறகு வந்த காய்ச்சல். ஒரு ஆளுக்கு ஒரு வரி, கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து ஊருக்கு வெளியே ஒருவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள், நோட்டும் நனையும்.